எட்டு மாதமாக அள்ளிக் கொடுக்கிறேன், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கே தவறு?

கட்டங்கட்டி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் புலம்பல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எக்செல் வேலை செய்பவன். சிறு நிறுவனங்களின் சரக்கு இருப்பு, சம்பளப் பட்டியல், வரவு செலவு இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்திக் கொடுப்பது தொழில். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுத் தனியாக வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வந்த புதிதில் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றேதான்: முதலில் கொடு, அப்புறம் தானாக வரும்.

சரி என்று எட்டு மாதமாக லிங்க்ட்இன்னில் காலையில் ஒரு குறிப்பு போடுகிறேன். 'இன்றைய எக்செல் துளி' என்று பெயர். நீலப் பின்னணி, மூன்று வரி, ஒரு ஸ்கிரீன்ஷாட். நேற்றோடு 212 துளி. லைக் போடுவது அதே பதினொரு பேர். அதில் ஒருவர் என் மைத்துனர்.

வேலை என்று ஒன்றும் வரவில்லை. ஒருவர் மட்டும் மெசேஜ் அனுப்பினார். திறந்து பார்த்தால் இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்கிறார். எண்ணெய் செலவே தவிர பிள்ளை பிழைக்கவில்லை என்பார்களே, அந்தக் கதை. கொடுத்தால் வரும் என்பதே கட்டுக்கதையா, அல்லது எனக்குத்தான் கொடுக்கத் தெரியவில்லையா? ஆறுதல் வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள்.

அரைத்தூக்கம்:

212க்கும் லைக் போட்ட மைத்துனர் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். முதலில் அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள்.

மீன்கொத்தி:

உள்ளதைச் சொல்லவா? கட்டுக்கதைதான்.

நான் கிராஃபிக் டிசைனர், பதினான்கு வருடமாக இதே தொழில். இந்தத் 'தாராள மனசு' பாடத்தை நானும் நம்பினேன். ஒரு நிறுவனம் புதிதாகத் தொடங்குகிறோம், லோகோ மட்டும் நட்புக்காகச் செய்துகொடுங்கள், அடுத்த வேலையெல்லாம் உங்களுக்குத்தான் என்றது. செய்தேன். விசிட்டிங் கார்டு, லெட்டர்ஹெட் என்று ஒவ்வொன்றாக வந்தது. எல்லாமே நட்பு. கடைசியில் பட்ஜெட் வந்ததும் ஒரு பெரிய ஏஜென்சியிடம் போனார்கள். 'உங்கள் லெவலுக்கு இது பெரிய வேலை' என்று எனக்கு ஒரு விளக்கம் வேறு.

இலவசமாகக் கொடுப்பவன் இலவசமாகக் கொடுப்பவன் என்றே பெயர் வாங்குகிறான். அதனால்தான் சொல்கிறேன், துளி போடுவதை நிறுத்திவிட்டு நேராக நாலு பேருக்கு போன் போட்டு வேலை கேளுங்கள்.

நீலப்பென்சில்:

மீன்கொத்தியின் வலி புரிகிறது. ஆனால் அவருக்கு நடந்ததும் கட்டங்கட்டிக்கு நடப்பதும் இரண்டு வேறு நோய். அவரிடம் ஒருவர் கேட்டார், அளவில்லாமல் கேட்டார். உங்களிடம், தம்பி, யாருமே ஒன்றும் கேட்கவில்லை.

உங்கள் துளிகளை இப்போதுதான் மனதில் வைத்துப் பார்க்கிறேன். தினமும் காலையில் ஒன்று, யாருக்கு? 'எல்லோருக்கும்'. எல்லோருக்கும் என்றால் யாருக்கும் இல்லை. கொட்டுகிற மழையில் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது போல. அந்த மூன்று வரியை எந்தத் தேடுபொறியும் ஒரு நொடியில் காட்டிவிடும். உங்கள் உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது கொடுப்பது இல்லை, கடை விரிப்பது. கடை விரிப்பதில் தப்பே இல்லை. கடை விரித்துவிட்டு அதைத் தானம் என்று நினைத்துக்கொள்வதால்தான் ஏமாற்றம்.

என் கதை ஒன்று. நான் பிழைதிருத்துபவள். வருடங்களுக்கு முன் முன்பின் தெரியாத ஒருவர் தன் முதல் ஆய்வறிக்கையை இணையத்தில் போட்டிருந்தார். விஷயம் நன்றாக இருந்ததால் முழுக்கப் படித்தேன். அட்டவணை 4இல் கூட்டுத்தொகை உதைத்தது. ஒரு ஊரின் பெயர் மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தது. ஒரு அடிக்குறிப்பு எண் தாவியிருந்தது. பொதுவில் போட்டால் அவருக்கு அவமானம். தனியாக அனுப்பினேன்: 'நன்றாக எழுதியிருக்கிறீர்கள், மூன்றாம் அத்தியாயம் எனக்கு மிகவும் பிடித்தது. படிக்கும்போது கண்ணில் பட்ட ஏழு இடங்கள் கீழே. பதில் எழுத வேண்டிய அவசியம் இல்லை.' பக்க எண், இருப்பது, இருக்க வேண்டியது, அவ்வளவுதான். என் தொழிலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அது கையெழுத்துக்குக் கீழே தானாகவே இருந்தது.

அவர் அன்றே நன்றி சொன்னார். பதினான்கு மாதம் கழித்து அவருடைய மேலாளர் எழுதினார், பெரிய தொகுப்பு ஒன்று இருக்கிறது, எடுத்துக்கொள்வீர்களா என்று. அந்த ஏழு இடங்களைத் திருத்த எனக்கு ஆனது இருபது நிமிடம். படித்த நேரத்தைச் சேர்க்கவில்லை, எப்படியும் படித்திருப்பேன்.

கட்டங்கட்டி:

அக்கா, குத்தியது. ஆனால் உண்மை.

இருந்தாலும் ஒரு சந்தேகம். ஒவ்வொருவராகப் போய் உதவிக்கொண்டிருந்தால் எத்தனை பேரை எட்ட முடியும்? வாசகர் வட்டம் என்று ஒன்று எப்படி உருவாகும்? நீங்கள் சொல்வது உறவுக்குச் சரி. கூட்டம் சேர அது போதுமா?

பழையகீபோர்டு:

இரண்டும் ஒன்றாகவே நடக்கும். ஒருவருக்கு உதவுங்கள், அதை மற்றவர்களும் பார்க்கிற இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள்.

சல்மான் கான் (நடிகர் இல்லை, கணக்குச் சொல்லித்தருபவர்) கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2004இல் உறவுக்காரச் சிறுமி ஒருத்திக்குத் தொலைவில் இருந்தபடியே கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். மற்ற உறவுப் பிள்ளைகளும் கேட்க, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியாமல் 2006இல் யூடியூபில் வீடியோவாகப் போட்டார். அதுதான் கான் அகாடமி என்ற இலவசக் கல்வித் தளம் ஆனது. அவர் 'உலகத்துக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன்' என்று ஆரம்பித்திருந்தால் அந்த வீடியோக்கள் அப்படிப் பேசியிருக்காது என்பது என் எண்ணம். எதிரே ஒரு பிள்ளை உட்கார்ந்திருப்பது போன்ற குரல் அதில் இருக்கிறது. எந்த இடத்தில் அவள் தடுக்கி விழுவாள் என்று தெரிந்து பேசுகிற குரல்.

நான் நிரல் எழுதுபவன். எங்கள் தொழிலில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் கதையைச் சொல்லாமல் யாரும் எழுந்து போக மாட்டோம், மன்னியுங்கள். 1991 ஆகஸ்ட் 25 அன்று அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தின் பயனர்கள் கூடும் செய்திக்குழுவில் ஒரு சிறு அறிவிப்பு போட்டார். ஒரு இயங்குதளம் செய்துகொண்டிருக்கிறேன், பொழுதுபோக்குத்தான், பெரிதாக ஒன்றும் வராது என்கிற தொனி. அதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. மினிக்ஸில் உங்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று கேட்டிருந்தார். பெருமை அடிப்பதற்குப் பதில் எதிரே இருப்பவரின் தேவையைக் கேட்டார். நம்மில் பலர் இந்த ஒரு கேள்வியை விட்டுவிட்டுத்தான் கொடுக்க ஓடுகிறோம்.

அப்புறம் அந்தப் பதினொரு லைக். அதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2006இல் எழுதியது இது: இணையச் சமூகங்களில் பெரும்பாலும் 90 சதவீதம் பேர் வெறுமனே படிப்பவர்கள், 9 சதவீதம் பேர் எப்போதாவது பேசுபவர்கள், 1 சதவீதம் பேர்தான் பெரும்பாலானதை எழுதுகிறார்கள். துல்லியக் கணக்கு இல்லை, தோராயம்தான். ஆனால் படிப்பவர்கள் லைக் போடுபவர்களைவிடப் பல மடங்கு என்பது என் அனுபவத்திலும் சரியாகவே வந்திருக்கிறது.

மீன்கொத்தி:

சல்மான் கான், லினஸ் டோர்வால்ட்ஸ்! வென்றவர்களை மட்டும் எண்ணினால் எந்தத் தத்துவமும் ஜெயிக்கும். இதே போல் கொடுத்துக் கொடுத்துக் காணாமல் போனவர்களைப் பற்றி யார் எழுதுகிறார்கள்?

பழையகீபோர்டு:

சரியான கேள்வி. எழுதியிருக்கிறார்கள், நான் சொல்கிறேன்.

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது நினைவிருக்கும். இணையத்தில் நாம் கடவுச்சொல் தட்டும்போது அதைக் காக்கிற ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் இருந்த ஓட்டை அது. உலகத்தின் பெரிய நிறுவனங்கள் பலவும் அதைத்தான் இலவசமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தன. பிறகுதான் தெரிந்தது, அதை முழுநேரமாகப் பார்த்துக்கொள்ள இருந்தவர் ஒரே ஒருவர். ஆண்டு நன்கொடை சுமார் 2000 டாலர். அத்தனை நிறுவனங்களுக்கும் அது நின்றால் தாங்களும் நிற்போம் என்று தெரியாதா? தெரியும். கேட்காத வரை யாரும் தர மாட்டார்கள். வெடித்த பிறகுதான் லினக்ஸ் அறக்கட்டளை முன்நின்று நிறுவனங்களிடம் பணம் திரட்டியது.

ஆகவே உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நான் மறுப்பது ஒன்றைத்தான். அதற்கு மருந்து கொடுக்காமல் இருப்பது இல்லை.

அரைத்தூக்கம்:

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. பாட்டி சொன்னாள், ஓப்பன்எஸ்எஸ்எல்காரர்களிடம் பாட்டி இல்லை போல.

கடைசிபெஞ்ச்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நீங்கள் எல்லோரும் பல வருட அனுபவம் உள்ளவர்கள், கொடுக்க ஏதோ இருக்கிறது. நான் படிப்பை முடித்து மூன்று மாதம். தரவுப் பகுப்பாய்வு வேலை தேடுகிறேன். என்னிடம் கொடுக்க என்ன இருக்கிறது? பெரியவர்களுக்கு மெசேஜ் அனுப்பினால் நானும் இன்சூரன்ஸ்காரர் மாதிரித்தானே தெரிவேன்?

நீலப்பென்சில்:

உன்னிடம் இருப்பது எங்களிடம் இல்லாதது. நேரம், அப்புறம் புதுக்கண்.

யாராவது ஒரு பயிற்சிக் கட்டுரை எழுதியிருப்பார். நீ அதைப் பார்த்துச் செய்துபார். ஆறாவது படியில் மாட்டிக்கொள்வாய், ஏனென்றால் எழுதியவருக்கு அந்தப் படி பழகிப்போய் ஒரு வரியை விட்டிருப்பார். அதை அவரிடம் சொல். 'உங்கள் கட்டுரையைப் பார்த்துச் செய்தேன், ஆறாவது படியில் இந்தப் பிழை வந்தது, இப்படிச் செய்து சரியானது, அடுத்தவருக்கு உதவும் என்று சொல்கிறேன்.' எழுதுகிற எவருக்கும் இதைவிடப் பெரிய பரிசு கிடையாது. நம்மை ஒருவர் உண்மையிலேயே செய்துபார்த்தார் என்பது எத்தனை அபூர்வம் தெரியுமா? 'அருமை சார்' என்று ஐம்பது பேர் சொல்வார்கள், செய்துபார்த்தவர் ஒருவர் இருந்தால் பெரிது.

இரண்டு மணிநேர உரை ஒன்றைக் கேட்டு நிமிடக் குறிப்போடு ஒரு பக்கச் சுருக்கம் எழுதிப் போடு. பேசியவரே அதைத் தன் பக்கத்தில் பகிர்வார். இன்னொருவர் சொன்ன யோசனையைப் பயன்படுத்தினால் அவர் பெயரைச் சொல். பெயர் சொல்வதற்குச் செலவே இல்லை, ஆனாலும் பலருக்குக் கை வராது.

எண்ணும்எழுத்தும்:

கடைசிபெஞ்சுக்கு இன்னொன்றும் சொல்லலாம். பெரியவர்களிடம் சின்ன உதவி கேட்பதும் ஒரு வகையில் கொடுப்பதுதான்.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் சுயசரிதையில் எழுதுகிறார். பென்சில்வேனியா சட்டமன்றத்தில் அவரை எதிர்த்துப் பேசிய புது உறுப்பினர் ஒருவர். அவரைக் குழைந்து பேசி வளைக்க ஃபிராங்க்ளினுக்கு விருப்பமில்லை. அவரிடம் ஒரு அரிய புத்தகம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, சில நாள் இரவல் தர முடியுமா என்று எழுதினார். உடனே வந்தது. ஒரு வாரத்தில் நன்றிக் குறிப்போடு திருப்பி அனுப்பினார். அடுத்த முறை மன்றத்தில் பார்த்தபோது அந்த மனிதரே வந்து பேசினார், கடைசி வரை நண்பராக இருந்தார். உதவி செய்தவருக்கு, உதவி பெற்றவர் மேல் பிடிப்பு வருகிறது. 1969இல் ஜெக்கர், லாண்டி என்ற இருவர் இதைச் சோதனை செய்தும் பார்த்தார்கள், அதே திசையில்தான் விடை வந்தது.

ஆனால் கேள்வி புத்தகம் போல இருக்க வேண்டும். எல்லை தெரிய வேண்டும், அவரிடம் மட்டுமே கிடைப்பதாக இருக்க வேண்டும், திருப்பித் தரக்கூடியதாக இருக்க வேண்டும். 'எனக்கு வழிகாட்டுங்கள் சார்' என்பது புத்தகம் இல்லை, அலமாரியையே கேட்பது.

இன்னொரு விஷயம், யாருக்குக் கொடுப்பது என்பது பற்றி. நாம் நெருங்கியவர்களுக்கே திரும்பத் திரும்பக் கொடுக்கிறோம். சமூகவியலாளர் மார்க் கிரானொவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: அந்தத் தகவலைச் சொன்னவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்? வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்ப்போம் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6. வருடத்துக்கு ஒரு முறை அல்லது அதற்கும் குறைவு என்றவர்கள் 27.8. பலரும் அந்த நபரின் இருப்பையே மறந்திருந்தார்களாம். கேட்டது 54 பேரிடம், சிறிய கணக்குத்தான். ஆனால் 2022இல் லிங்க்ட்இன் தரவை வைத்து, 5 ஆண்டு, 2 கோடிக்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வு சயன்ஸ் இதழில் வந்தது. அதிலும் வேலை மாற உதவியது நெருங்கியவர்கள் அல்ல, ஓரளவு தெரிந்தவர்கள். முற்றிலும் தெரியாதவர்களும் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

காரணம் எளிது. நம் நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும், ஒரே குட்டையில் இருக்கிறோம். எப்போதோ ஒரு முறை உதவிய ஆள் வேறு குட்டையில் இருக்கிறார்.

அரைத்தூக்கம்:

மைத்துனரை நம்பிப் பயனில்லை என்று 54 பேரை வைத்து நிரூபித்துவிட்டீர்கள்.

மீன்கொத்தி:

எல்லாம் சரி. என்னை உறுத்துவது வேறு. பதினான்கு மாதம் கழித்து வேலை வந்தது என்று நீலப்பென்சில் சொல்கிறார். அந்த எண்ணத்தோடு அடுத்தவருக்கு ஏழு பிழை அனுப்பினால் அது தாராளமா, தூண்டிலா? குடுமி சும்மா ஆடுமா? எனக்கு வருகிற 'சும்மா உதவலாம் என்று எழுதுகிறேன்' மெசேஜ்களில் பாதி, மூன்றாவது வரியில் விலைப்பட்டியலைக் காட்டுகிறது.

நீலப்பென்சில்:

நியாயமான கேள்வி, எனக்கும் இது ரொம்ப நாளாக உண்டு. முழுப் பதில் என்னிடம் இல்லை. நான் எனக்கு வைத்திருக்கும் சோதனை இது: இவரிடமிருந்து ஒருபோதும் ஒன்றும் வராது என்று இப்போதே தெரிந்தால், இதைச் செய்வேனா? ஆம் என்றால் செய்வேன். இல்லை என்றால் அது விற்பனை, அப்போது விற்பனை என்றே சொல்லி எழுதுவேன். அதில் வெட்கம் எதற்கு?

அந்த ஒருவரைத்தான் சொன்னேன். அதே காலத்தில் இன்னும் முப்பது, நாற்பது பேருக்கு அனுப்பியிருப்பேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை. ஒருவர் 'உங்களை யார் கேட்டார்' என்று கேட்டார். அதுவும் சரிதான், யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து முதலில் ஒரு வரி கேட்டுவிட்டுத்தான் பட்டியலை அனுப்புகிறேன்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கடைசிபெஞ்ச் போன்றவர்களுக்குப் பயன்படும். எனக்குத் தெரிந்த ஒரு பதிப்பாசிரியரை, எழுத வாய்ப்புத் தேடிய ஒரு பையனுக்கு அறிமுகப்படுத்தினேன். இருவரையும் ஒரே மின்னஞ்சலில் போட்டு 'நீங்கள் பேசிக்கொள்ளுங்கள்' என்று விட்டேன். பெரிய உதவி செய்துவிட்ட நிறைவு எனக்கு. பதிப்பாசிரியர் அப்போது வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு அல்லாடிக்கொண்டிருந்திருக்கிறார். பதில் போடாவிட்டால் எனக்கு மரியாதைக் குறைவு, போட்டால் அவருக்கு நேரம் இல்லை. ஒரு மாதம் கழித்து மெதுவாகச் சொன்னார், 'அடுத்த முறை என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே' என்று. அடுத்தவருடைய நேரத்தை எடுத்து நான் தாராளம் காட்டியிருக்கிறேன். இப்போதெல்லாம் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கேட்டு, இருவரும் சரி என்ற பிறகுதான் சேர்த்துவைக்கிறேன்.

மீன்கொத்தி:

இதைச் சொன்னதற்கு நன்றி. இப்போது நானும் கொஞ்சம் இறங்கி வருகிறேன்.

நான் முற்றிலும் நிறுத்திவிடவில்லை. அந்த லோகோ கூத்துக்குப் பிறகு ஒரு கோடு போட்டுக்கொண்டேன்: சொல்லிக்கொடுப்பது இலவசம், செய்துகொடுப்பதற்குக் காசு. புதியவர்கள் தங்கள் வடிவமைப்பை அனுப்பினால் பார்த்துக் கருத்துச் சொல்வேன். வெள்ளிக்கிழமை ஒரு மணிநேரம், அதற்குள் எத்தனை முடிகிறதோ அத்தனை. என் கையால் ஒரு கோடுகூட இழுக்க மாட்டேன். இழுத்தால் பில். முன்பு 'இல்லை' என்று சொல்ல நாக்குக் கூசும், இப்போது 'வெள்ளிக்கிழமை அனுப்புங்கள்' என்கிறேன். பாதிப் பேர் அனுப்புவதே இல்லை. உண்மையில் வேண்டியவர்கள் யார் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அந்த வெள்ளிக்கிழமைப் பிள்ளைகளில் இரண்டு பேர் இப்போது எனக்கே வேலை அனுப்புகிறார்கள். இதை முதல் பதிவில் சொல்லியிருக்க வேண்டும். கோபத்தில் மறந்துபோனது.

கடைசிபெஞ்ச்:

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

கட்டங்கட்டி:

ஆறு வாரம் கழித்து வருகிறேன். இழை பூட்டப்படாமல் இருந்ததில் மகிழ்ச்சி.

துளியை நிறுத்திவிட்டேன். அந்த அரை மணிநேரத்தில், எக்செல் பயன்படுத்துபவர்கள் கேள்வி கேட்கிற இரண்டு குழுக்களில் போய் உட்கார்ந்தேன். முதல் வாரம் வெறுமனே படித்தேன். அங்கே ஒருவர் கேட்பது எதுவும் என் 212 துளியில் இல்லை. நான் குறுக்குவிசைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் 'நேற்று வரை சரியாக இருந்த கூட்டல் இன்று ஏன் தப்பு' என்று அழுதுகொண்டிருந்தார்கள்.

ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். ஒரு கணக்காளர் அம்மா, வேறு மென்பொருளிலிருந்து இறக்கிய விற்பனைப் பட்டியலில் மாதவாரிக் கூட்டல் உதைக்கிறது, இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை என்று எழுதியிருந்தார். நாலு பேர் நாலு சூத்திரம் கொடுத்திருந்தார்கள். நான் சூத்திரம் கொடுக்கவில்லை, ஒரு கேள்வி கேட்டேன்: தேதி வரிசையில் சில தேதிகள் கட்டத்தின் இடது ஓரமாகவும் சில வலது ஓரமாகவும் நிற்கின்றனவா? ஆமாம் என்றார். அப்போதே தெரிந்துவிட்டது. அவருடைய கோப்பில் நாள் முதலில், மாதம் அடுத்து. அவருடைய கணினி அமைப்பில் மாதம் முதலில். 03/04 என்றால் ஏப்ரல் 3; கணினி அதை மார்ச் 4 என்று எடுத்துக்கொண்டு வலது பக்கம் தள்ளிவிட்டது. 25/04 வந்ததும் இருபத்தைந்தாவது மாதம் கிடையாதே, அதை வெறும் எழுத்து என்று இடது பக்கம் விட்டுவிட்டது. இடது பக்கம் நிற்பது கண்ணுக்குத் தெரிகிற பிழை, பரவாயில்லை. ஒழுங்காக வலது பக்கம் நிற்பதுதான் ஆபத்து. அவை தேதியாகவே இருக்கின்றன, தப்பான தேதியாக.

மாறிவிட்டதை அங்கேயே திருத்த முயலாதீர்கள், மூலக் கோப்பிலிருந்து மறுபடி இறக்குங்கள், இறக்கும்போது அந்த வரிசையை நாள்-மாதம்-வருடம் என்று குறித்துவிடுங்கள் என்று ஐந்து படியாக எழுதினேன். எங்கே கிளிக் செய்ய வேண்டும் என்று அம்புக்குறி போட்ட படங்களோடு. நீலப்பென்சில் அக்கா சொன்ன ஆறாவது படி ஞாபகம் வந்தது. வேறு கணினியில் முதலிலிருந்து செய்துபார்த்துவிட்டுத்தான் போட்டேன். இரண்டு இடத்தில் விட்டிருந்தேன், சேர்த்தேன்.

அந்த அம்மா 'தூங்கப் போகிறேன்' என்று ஒரே வரி எழுதினார். எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த லைக் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்தாலும் அந்த வரி இறங்கும்.

பிறகு அதையே கொஞ்சம் விரித்து, மாதிரிக் கோப்போடு என் பக்கத்தில் போட்டேன். அவர் பெயர், நிறுவனம் எதுவும் இல்லாமல், அவரிடம் கேட்டுவிட்டுத்தான். அதற்கும் லைக் பதினான்குதான், குதித்துவிட வேண்டாம். ஆனால் கீழே ஆறு பேர் தங்கள் தேதிப் பிரச்சினையைக் கேட்டிருக்கிறார்கள். வேலை என்று இதுவரை வந்தது ஒன்று, சின்னது. அதுவும் அந்த அம்மா மூலம் இல்லை. அந்த இழையில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் படித்துக்கொண்டிருந்த ஒருவர்.

மீன்கொத்தியின் கோட்டையும் எடுத்துக்கொண்டேன். விளக்கம் இலவசம், கோப்பை வாங்கி நான் செய்துகொடுத்தால் கட்டணம். முதல் முறை எழுதும்போது கை நடுங்கியது. எதிரே இருந்தவர் சர்வசாதாரணமாக 'எவ்வளவு?' என்று கேட்டார்.

அரைத்தூக்கம்:

மைத்துனர் என்ன சொன்னார்?

கட்டங்கட்டி:

போன வாரம் போன் செய்தார். 'என்ன மச்சான், காலையில் துளி வரவில்லையே, உடம்பு கிடம்பு சரியில்லையா?' என்று. விஷயத்தைச் சொன்னேன். 'அப்பாடா' என்றார். அவர் கணினியில் எக்செல்லே கிடையாதாம்.

எண்ணும்எழுத்தும்:

அவர் 212 நாள் கொடுத்தது பெரிய கொடை. அதைக் கணக்கில் எழுதிவையுங்கள்.

கட்டங்கட்டி:

எழுதிவைத்தாயிற்று. சரி, கிளம்புகிறேன். அந்த ஆறு பேரில் ஒருவருடைய சம்பளப் பட்டியலில் பதினெட்டாவது வரியிலிருந்து எல்லாம் ஒரு மாதம் தள்ளி நிற்கிறதாம். எழுத்தில் சொல்லிப் புரியவில்லை, கோப்பையே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பார்ப்பது மட்டும்தான், கை வைக்கப் போவதில்லை.

மீன்கொத்தி:

ஆட்களின் பெயரையும் சம்பளத்தையும் அழித்துவிட்டு அனுப்பச் சொன்னீர்களா?

கட்டங்கட்டி:

ஐயோ, இல்லை. இதோ ஓடுகிறேன்.